சூழல் மாறினால் உருமாறும் டீ.என்.ஏ. பொருள்கள்: கொழும்பு ஆய்வுகூடமொன்றில் எதைச் செய்து பார்க்கலாம்?

#1 கடற்காற்று

வணக்கம். கொழும்பில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்துக்கொண்டே பகுதிநேரமாக முதுமாணிக் கற்கையைத் தொடர்கிறேன். ஆறு மாதத்துக்குள் முடிக்கக்கூடிய ஆய்வுத்திட்டம் ஒன்றை அடுத்த தவணையில் ஒப்படைக்க வேண்டும். டீ.என்.ஏ.யைப் பரம்பரைத் தகவலின் ஏடாகக் கருதாமல் வெறும் கட்டுமானப் பொருளாக எடுத்து, சூழலில் ஏதாவது மாறியவுடன் தானும் உருமாறும் நனோ அளவிலான அமைப்பொன்றை ஆக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

2009இல் டென்மார்க்கின் ஓகூஸ் பல்கலைக்கழகத்தினர் செய்த பெட்டி என் மனத்தை விட்டு அகலவில்லை. ஏறத்தாழ 42 × 36 × 36 நனோமீற்றர் அளவுள்ள அந்தப் பெட்டியின் மூடி, உரிய டீ.என்.ஏ. இழைகளைச் சாவியாகக் கரைசலில் இட்டதும் திறந்துகொள்கிறது. அத்தகைய ஒன்றை இங்கே செய்ய இயலுமா? எங்களிடம் பீ.சி.ஆர். இயந்திரம், ஜெல் ஓட்டும் தொட்டி, புறஊதா ஒளிப்பெட்டி, நல்ல தராசு ஆகியன உள்ளன. நனோ அளவிலான உருவங்களைக் காட்டும் அணுவிசை நுணுக்குக்காட்டி இல்லை.

#2 ஒலிகோ

வணக்கம் ரீச்சர். பெட்டியைச் செய்ய இயலும். செய்ததைக் காண்பதுதான் இயலாது.

அந்தப் பெட்டி, 2006இல் கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்தில் போல் ரொத்தமண்ட் வெளியிட்ட மடிப்பு முறையில் ஆனது. எம்13 என்னும் பற்றீரிய வைரசின் ஏறத்தாழ 7,249 மூலங்கள் (டீ.என்.ஏ.யின் எழுத்துகள்) கொண்ட ஒற்றை இழையை, இருநூறுக்கும் மேற்பட்ட குறும் இழைகள் ஆங்காங்கே பிடித்து இழுத்து வேண்டிய வடிவில் மடித்துவிடுகின்றன. மக்னீசியம் கலந்த கரைசலில் அனைத்தையும் இட்டுச் சூடாக்கி மெதுவாக ஆறவிட வேண்டும், உங்கள் பீ.சி.ஆர். இயந்திரமே அதற்குப் போதும். ஆனால் இருநூறு இழைகளுக்கும் பணம் கட்டி, ஆறவிட்டு, ஜெல்லில் ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு, "இது பெட்டிதான், மூடி திறந்துவிட்டது" என்று எழுதினால் எந்தப் பரீட்சகரும் ஏற்கமாட்டார்.

எனவே பெட்டியைச் சற்று ஒதுக்கிவைத்து, மூடி ஏன் திறக்கிறது என்பதைப் பாருங்கள். சாவி இழை வந்ததும் நடப்பது இடப்பெயர்ச்சி ஒன்றே. இரண்டு இழைகள் சோடி சேர்ந்திருக்கின்றன; அவற்றுள் ஒன்றின் நுனியில் ஆறேழு மூலங்கள் துணையின்றி நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த நுனியைப் பிடிமுனை என்போம். முழு நீளத்துக்கும் பொருந்தும் மூன்றாவது இழை வந்து முதலில் பிடிமுனையில் ஒட்டுகிறது. பின்னர் ஒவ்வொரு மூலச்சோடியாக முன்னேறி, ஏற்கெனவே இருந்த துணையை வெளியே தள்ளுகிறது. பழைய சோடிகள் பிரிந்த அளவுக்குப் புதிய சோடிகள் சேர்வதால், கிடைக்கும் இலாபம் பிடிமுனையில் சேர்ந்த சில சோடிகள் மட்டுமே. அந்தச் சிறு இலாபத்தை வைத்துத்தான் இத்துறையின் இயந்திரங்களுட் பெரும்பாலானவை ஓடுகின்றன. பிடிமுனை இல்லாத நிலையிலிருந்து ஏழு மூலங்கள் வரை அதனை நீட்டும்போது வேகம் ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு கூடுகிறது; அதற்குமேல் நீட்டிப் பயனில்லை. 2000ஆம் ஆண்டில் பெர்னார்ட் யூர்க்கும் உடன் ஆய்வாளரும் செய்த டீ.என்.ஏ. இடுக்கி இந்த முறையாற்றான் மூடித் திறந்தது. நொதியம் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதன் பயனைப் பின்னர் சொல்கிறேன்.

#3 பதார்த்தம்

ரீச்சருக்கு வணக்கம். நான் பதார்த்தப் பொறியியல் பயில்பவன், டீ.என்.ஏ. பற்றி அறிந்தது சொற்பம். எனினும் ஓர் ஆட்சேபம் உண்டு. சாவியும் டீ.என்.ஏ., பூட்டும் டீ.என்.ஏ., சாவியைப் போடுவதும் ஆய்வாளரின் கை. இதனை எப்படிச் சூழலுக்குத் தூண்டற்பேறு காட்டும் பொருள் என்று அழைப்பது? சூழலில் இருப்பவை வெப்பம், ஒளி, அமிலத்தன்மை, உப்பு, ஏதோவொரு புரதம். அவற்றுக்கு நேரடியாக அசையாத ஒன்று, என் பார்வையில் ரிமோட்டால் இயக்கும் விளையாட்டுக் கார் போன்றதே.

மேலும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு சாவி இழை செலவாகிறது. மூடுவதற்கு வேறோர் இழை வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கழிவாகக் கரைசலிலேயே தங்குகின்றன. பத்துத் தடவை திறந்து மூடிய பின்னர் கழிவே மிகுந்துவிடாதா?

#4 ஒலிகோ

தம்பி சொல்வதில் இரண்டாவது முற்றிலும் சரி. கழிவு சேரச் சேரக் கரைசல் நீர்த்தும் போவதால் அசைவு தளர்ந்துகொண்டே வரும். இதற்காகவே மியூனிக்கில் வேறு வழி தேடினார்கள்: 2018இல் அங்கே செய்த 25 நனோமீற்றர்க் கரம், இழை எதனையும் செலவிடாமல் மின்புலத்தால் மில்லிசெக்கன் அளவில் திசை மாறியது.

முதலாவதில் பாதியைத்தான் ஏற்பேன். டீ.என்.ஏ. இழைகளே சூழலின் பொருள்களை உணரக்கூடியவை. சைற்றோசின் என்னும் மூலம் நிறைந்த இழையை எடுத்துக்கொள்ளுங்கள். கரைசல் சற்று அமிலமானதும் சைற்றோசின்களிற் பாதி ஐதரசன் அயனைப் பெற்று, மற்றப் பாதியுடன் சோடி சேர்கின்றன. இழை நான்காக மடிந்து இறுகுகிறது. நடுநிலைக்கு வந்ததும் அவிழ்ந்துவிடும். 1993இல் அறியப்பட்ட இந்த மடிப்பைப் பயன்படுத்தி, 2009இல் பெங்களூரில் யமுனா கிருஷ்ணனின் குழுவினர் ஓர் ஆளியை உருவாக்கி, பழ ஈயின் கலங்களுக்குள் அனுப்பி, கலம் விழுங்கிய பொருளைச் சுற்றியுள்ள சிறு பைகள் எவ்வாறு படிப்படியாக அமிலமாகின்றன என்பதை அளந்தார்கள். அவர் சென்னையிலே இளமாணிப் படிப்பை முடித்தவர் என்பதைத் தமிழ் மாணவர்களுக்குச் சொல்லும்போது வகுப்பில் ஒரு நிமிர்வு தெரியும், நான் பார்த்திருக்கிறேன்.

புரதங்களுக்கும் சிறு மூலக்கூறுகளுக்கும் அப்றமர் என்னும் இழைகள் உண்டு. கோடிக்கணக்கான எழுமாற்றுத் தொடர்களிலிருந்து, குறித்த மூலக்கூறைப் பற்றிக்கொள்பவற்றை மட்டும் திரும்பத் திரும்ப அரித்தெடுக்கும் முறை 1990இல் வந்தது. அப்றமரைப் பூட்டாக வைத்துவிட்டால் நோய்க்கலத்தின் புரதமே சாவியாகிவிடும். 2012இல் ஹார்வர்டில் டக்ளஸ், பஷெலெற், சேர்ச் ஆகியோர் செய்த அறுகோணக் குழாய் அப்படிப்பட்டது. இரண்டு பூட்டும் தத்தம் புரதங்களைக் கண்டாற்றான் திறக்கும்.

ஆயினும் அடியில் உள்ள பொறிமுறை மாறவில்லை. அமிலமோ புரதமோ செய்வது, ஒரு சோடியைவிட இன்னொரு சோடியை இலாபமாக்குவதையே. அதனால் இழையைச் சாவியாகக் கொண்டு கற்பதை நான் ஏமாற்று என்று கருதவில்லை.

#5 இரவுக்கடமை

இரவுக் கடமைக்கு நடுவே வாசிக்கிறேன், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2012இன் குழாய் வளர்ப்புக் கலங்களிற்றான் பரிசோதிக்கப்பட்டது. 2018இல் சீன ஆய்வாளர்களும் அரிசோனாவின் ஹாவோ யானும் வெளியிட்டது சுண்டெலிகளில் நடந்தது: 90 × 60 நனோமீற்றர்த் தாளைக் குழாயாகச் சுருட்டி, உள்ளே துரொம்பினை வைத்து, புற்றுக்கட்டியின் குருதிக்கலன்களில் மட்டும் விரியச் செய்து, அங்கே குருதியை உறையவைத்தார்கள். மிகவும் அழகான வேலை. ஆனால் கட்டிலில் கிடக்கும் நோயாளியைப் பார்ப்பவனுக்கு எழும் கேள்விகள் வேறு.

நீங்கள் மடிப்பைச் செய்யும் கரைசலில் மக்னீசியம் எவ்வளவு? குருதியில் லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமோல்தான். டீ.என்.ஏ.யை வெட்டும் நொதியங்களும் குருதியில் எப்போதும் உண்டு. இந்த இரண்டையும் தாண்டாத எந்தப் பெட்டியும் என் வாட்டுக்கு வரப்போவதில்லை.

#6 ஒலிகோ

டொக்டர், வழமையாக 10 முதல் 20 மில்லிமோல் வரை. இரட்டை இழையின் முதுகெங்கும் மறையேற்றம். அத்தகைய பல முதுகுகளை 2 நனோமீற்றர் இடைவெளியில் நெருக்கி அடுக்கும்போது அவை ஒன்றையொன்று தள்ளாதிருக்க மக்னீசியம் இடையில் நிற்கவேண்டும். குருதிக்குள் போனதும் பல வடிவங்கள் குலைந்துவிடுகின்றன. லைசின் சங்கிலியுடன் பொலிஎதிலீன் கிளைக்கோலை இணைத்து மேற்பூச்சாக இட்டால் இரண்டு தொல்லைகளும் பெருமளவு குறைகின்றன என்று 2017இல் காட்டப்பட்டது. ஆனால் பூச்சு தடித்தால் பூட்டும் பூசப்பட்டுவிடும் என்ற கவலை எனக்கு உண்டு.

ஒரு சுவையான விடயம்: காலிமுகத்திடலில் கரையைத் தொடும் கடல்நீரில் ஏறத்தாழ 53 மில்லிமோல் மக்னீசியம் இருக்கிறது. உப்பைப் பொறுத்தவரை டீ.என்.ஏ. பெட்டிக்கு மனித உடலைவிடக் கடல் வசதியானது. நுண்ணங்கிகளின் நொதியங்கள் அங்கேயும் உண்டு என்பதால் ரீச்சர் பெட்டியோடு கடற்கரைக்குப் போக வேண்டாம்.

#7 பதார்த்தம்

அப்படியானால் மருத்துவத்தை விட்டுவிடுவோம். பொருள் என்றால் கையில் எடுத்துப் பார்க்கும் அளவு வேண்டும். நனோமீற்றர்ப் பெட்டி ஒன்று திறந்தது என்பதற்கும், ஒரு துண்டுப் பொருள் விரிந்தது என்பதற்கும் இடையே பாலம் இருக்கிறதா?

#8 ஒலிகோ

இருக்கிறது, ரீச்சரின் திட்டத்துக்கு நான் முன்மொழிய நினைத்ததும் அதுவே. நீர்க்கூழ்.

பொலிஅக்ரிலமைட்டுச் சங்கிலிகளைக் குறுக்கே கட்டுவதற்குச் சாதாரணமாக ஓர் இரசாயனப் பிணைப்பான் இடுவோம். அதை விட்டுவிட்டு டீ.என்.ஏ.யால் கட்டலாம். அக்ரிலமைட்டுச் சங்கிலியில் தானும் இணையக்கூடிய அக்ரிடைட்டு என்னும் கூட்டத்தை ஒரு நுனியில் கொண்ட குறும் இழை இரண்டு வாங்கி, தனித்தனியே அக்ரிலமைட்டுடன் சேர்த்துப் பல்பகுதியமாக்கினால், இழைகள் தொங்கும் இரண்டு பாகுகள் கிடைக்கும். இரண்டையும் கலந்து, இரு பக்கமும் பிடிக்கும் இணைப்பு இழையை இட்டதும் பாகு கூழாக இறுகும். அந்த இணைப்பு இழைக்கு ஒரு பிடிமுனை வைத்திருந்தால், அதனைப் பிடுங்கும் இழை வந்ததும் கட்டு அவிழ்ந்து கூழ் மீண்டும் பாகாகும். 2004இலேயே யூர்க்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தவரும் இவ்வகைக் கூழின் விறைப்பை அளந்து வெளியிட்டுள்ளார்கள். 2017இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் குழுவினர் இன்னும் துணிந்து, கட்டை அவிழ்க்காமல் அதற்குள்ளேயே கொண்டையூசி வடிவ இழைகளைத் தொடர்ந்து நுழைத்து நீட்டி, கூழின் கனவளவை நூறு மடங்குவரை பெருக்கிக் காட்டினார்கள். கூழின் கண்ணறைகள் நனோமீற்றர் அளவின. துளி கண்ணுக்குத் தெரியும். பாலம் அதுதான்.

கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனெனில் இத்துறையில் ஆசைக்கு எல்லை போடுவது கணக்கே. குறுக்குக் கட்டின் செறிவு லீற்றருக்கு ஒரு மில்லிமோல் என்றும் துளியின் கனவளவு 10 மைக்ரோலீற்றர் என்றும் கொண்டால், ஒவ்வோர் இழையிலும் 10 நனோமோல் வேண்டும். 38 மூலங்கள் கொண்ட இணைப்பு இழையின் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 12,500. ஆகவே துளிக்கு 0.13 மில்லிகிராம். துளியோ கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது. இதே கூழை ஒரு லீற்றர் செய்யப் புறப்பட்டால் இணைப்பு இழை மட்டும் 12.5 கிராம் தேவை. அதற்கு எந்தத் திணைக்களமும் கையெழுத்து இடாது. வைரசுகளைத் தொட்டியில் வளர்த்து இழைகளை மலிவாகப் பெறலாம் என்று 2017இல் மியூனிக்கின் ஹென்ட்ரிக் டீற்ஸ் காட்டியிருந்தாலும், அது இங்கே உடனடியாகக் கைகொடுக்காது. நாம் வாங்கக்கூடிய சிறிய கட்டளை பெயரளவில் 25 நனோமோல். கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஒரு கட்டளைக்கு ஒரு துளி என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

நொதியம் தேவையில்லை என்று முன்னர் சொன்னதன் காரணமும் இதுவே. உலர்த்திய இழைகள் சாதாரண வெப்பநிலையில் பயணம் செய்யும். பொதி சுங்கத்தில் இரண்டு வாரம் கிடந்தாலும் பழுதாகாது. பனிக்கட்டியில் வரவேண்டிய நொதியம் ஒன்று எங்களுக்கு வெந்நீராக வந்துசேர்ந்த கதையை இங்கே எழுதினால் உரையாடல் திசைமாறிவிடும்.

#9 சொல்லாய்வு

தூண்டற்பேறு என்ற பாடநூற் சொல் இங்கே வருவதைப் பார்க்க மகிழ்ச்சி. பிடிமுனையும் நல்ல ஆக்கம். ஆனால் இதே துறையைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் "அறிவார்ந்த பொருள்" என்று எழுதுகிறார்களே, அதனைத் தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள். தொட்டாற்சுருங்கியை எவரும் அறிவார்ந்த செடி என்பதில்லை.

#10 கடற்காற்று

அனைவருக்கும் நன்றி. பெட்டியைக் கைவிட மனம் வலித்தாலும் கூழையே எடுத்துக்கொள்கிறேன். நேற்றிரவு தொடர்களை வரைந்தேன்: இணைப்பு இழை ஒவ்வொரு பக்கமும் 10 மூலங்களாற் பிடிக்கும், பிடிமுனை 8. எங்கள் அறையில் குளிரூட்டி மாலை நான்கு மணியுடன் நிறுத்தப்படும். அதன் பின்னர் 30 பாகை. இது போதுமா?

#11 ஒலிகோ

போதாது. நீங்கள் வாசிக்கும் செய்முறைகளில் அறை வெப்பநிலை என்றால் 20 முதல் 25 பாகை வரை. கொழும்பின் அறை வேறு. பத்துச் சோடிகள் மட்டுமே தாங்கும் கட்டு 30 பாகையில் அடிக்கடி தானாகவே திறந்து மூடும்; கூழ் வழியும்; நீங்கள் அதைத் தூண்டற்பேறு என்று எழுதிவிடுவீர்கள். பக்கத்துக்கு 15 ஆக்குங்கள். குவானைனும் சைற்றோசினும் பாதியளவு இருக்கட்டும். நான்கு குவானைன்கள் அடுத்தடுத்து வந்தால் அவை தமக்குள்ளேயே நாற்சட்டமாக மடிய முயலும் என்பதால் அந்த இடங்களை மாற்றிவிடுங்கள். இழை தன்மீதே மடிகிறதா என்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கட்டாயம் இன்னும் ஒன்று வாங்குங்கள்: பிடுங்கும் இழையின் அதே மூலங்களை வரிசை குலைத்து அடுக்கிய ஒப்பீட்டு இழை. அவிழ்வதைக் காண்பதற்குத் துளிக்குள் நீல டெக்ஸ்ட்ரான் என்னும் சாயத்தைக் கலந்துவிடுங்கள். இருபது இலட்சம் மூலக்கூற்று நிறையுள்ள அது கண்ணறைகளில் பெரும்பாலும் சிக்கி நிற்கும், கூழ் குலைந்தால் வெளியேறும். அக்ரிலமைட்டுத் தூள் நரம்புக்கு நஞ்சு, கையுறையின்றித் தொடாதீர்கள்.

#12 கடற்காற்று

பத்து வாரங்களின் பின்னர் எழுதுகிறேன். இழைகள் வந்தன, கூழ் இறுகியது, குழாயைத் தலைகீழாகப் பிடித்தபோது துளி விழவில்லை. அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் இரண்டு துளிகளை வெவ்வேறு குழாய்களில் வைத்து, 200 மைக்ரோலீற்றர் வடித்த நீரில் கரைத்த பிடுங்கும் இழையை ஒன்றிலும், ஒப்பீட்டு இழையை மற்றையதிலும் இட்டேன். மாலைக்குள் இரண்டும் கரைந்துவிட்டன. இரண்டு குழாயும் நீலம். ஒப்பீட்டு இழையிற் பிழையா?

#13 பதார்த்தம்

ரீச்சர், வடித்த நீர் என்ற சொல்லில் நின்றுவிட்டேன். துளிக்குள் இருந்த மக்னீசியம் அதைவிட இருபது மடங்கு நீருக்குள் வெளியேறியிருக்கும் அல்லவா? உப்பு போனதும் மறையேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். கூழும் நீரை உறிஞ்சி ஊதும். இரவுக்கடமை டொக்டர் குருதியைப் பற்றிச் சொன்னதே உங்கள் குழாய்க்குள் நடந்திருக்கிறது. இழை எதுவானாலும் அது கரைந்திருக்கும்.

#14 ஒலிகோ

தம்பி டீ.என்.ஏ. தெரியாது என்று சொன்னதை இனி ஏற்கமாட்டேன். துளி செய்த அதே கரைசலில், அதே 10 மில்லிமோல் மக்னீசியத்துடன் வெளித்திரவத்தை ஆக்குங்கள். முதலில் இழை எதுவும் இன்றி ஓர் இரவு ஊறவிட்டு, துளியின் அளவு மாறாமல் நின்ற பின்னரே இழையை இடுங்கள்.

#15 கடற்காற்று

செய்தேன். மாலை ஐந்து மணிக்கு இழைகளை இட்டு வீடு சென்றேன். காலை ஏழு மணிக்கு வந்தபோது ஒப்பீட்டுக் குழாயில் துளி அடியில் நீலமாக நின்றது. வெளித்திரவத்தில் மெல்லிய சாயல் மட்டும். மற்றைய குழாயில் துளியே இல்லை. முழுவதும் ஒரே நீலம்.

அடுத்ததாகப் பிடிமுனையில் எட்டு மூலங்களுக்குப் பதில் மூன்றை மட்டும் பிடிக்கும் குறுகிய இழையொன்றை வாங்கி, எவ்வளவு தாமதமாகிறது என்று அளக்க எண்ணுகிறேன். கோட்பாட்டின்படி வேறுபாடு பெரிதாக இருக்க வேண்டும் அல்லவா?

#16 ஒலிகோ

கரைசலில் பெரிதாக இருக்கும். உங்கள் துளியிற் பெரும்பாலும் தெரியாது. ஆரை 1.3 மில்லிமீற்றருள்ள கூழின் நடுவுக்கு இழை பரவிச் சேரவே பல மணித்தியாலங்கள் ஆகும். இடப்பெயர்ச்சி, மூன்று மூலப் பிடிமுனையோடு கூட, உங்கள் செறிவில் அதைவிட விரைவாக முடிந்துவிடும். அதாவது நீங்கள் அளப்பது வாசலில் நின்ற வரிசையை. பூட்டுத் திறந்த வேகத்தை அன்று. பரவும் நேரம் தடிப்பின் வர்க்கத்துக்கு விகிதசமம் என்பதால், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே 0.1 மில்லிமீற்றர்ப் படலமாகக் கூழை இறுகவைத்து ஒரு தகட்டை நீக்கிவிட்டால், மணித்தியாலங்கள் நிமிடங்களாகக் குறையும். வெளியே விடும் இழையின் செறிவையும் குறைத்துவிடுங்கள். அப்போது வேறுபாடு தெரிய இடமுண்டு.

#17 கடற்காற்று

கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. 0.1 மில்லிமீற்றர் இடைவெளிக்கு எதை வைப்பது? பாடசாலையில் நுணுக்குக்காட்டி வழுக்கியை மூடப் பயன்படுத்தும் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை நுண்மானித் திருகால் அளந்தேன், 0.15 காட்டுகிறது.

#18 பதார்த்தம்

0.15 போதும் ரீச்சர். நேரம் இரண்டேகால் மடங்கு கூடும், அவ்வளவுதான். நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று வைத்து, தகட்டின் நடுப்பகுதி வளையாதபடி மேலே பாரம் ஏற்றாமல் விடுங்கள்.